முதுமைக்கு ஒரு திரைச்சீலை இல்லையா?

"சோறு போட்டோம், படம் எடுத்தோம், ஊருக்குக் காட்டினோம். இதில் என்ன குற்றம்?" என்று கேட்கின்றனர் சிலர்.

குற்றம் இருக்கிறது என்று நான் சொல்கிறேன். சட்டம் படித்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன்; ஒரு தாயின் வயிற்றிற் பிறந்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன்.

குறிஞ்சாக்கேணியிலே எங்கள் வீட்டுக்கு அப்பால் வாழ்ந்திருந்த ஒரு மூதாட்டி. பிள்ளைகள் கடல் கடந்து உழைக்கச் சென்றனர். வீட்டிலே பார்ப்பார் இல்லாமற் போகவே, தூரத்திலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தனர். சில மாதங்களின் பின் ஊரிலுள்ள கைத்தொலைபேசி ஒவ்வொன்றிலும் அவருடைய முகம் ஓடியது. யாரோ ஒரு கனவானின் பிறந்தநாள். அவர் சார்பில் இல்லத்தாருக்கு மதிய உணவு. கட்டிலிற் கிடந்த கிழவியைத் தூக்கி இருத்தி, வாயிலே இனிப்பைத் திணித்து, "நன்றி சொல்லுங்கள் அம்மா" என்று கட்டளையிட்டு, அதைப் படம்பிடித்து வெளியிட்டிருந்தனர். தலைத்துணி விலகிக் கிடந்தது. மேலாடை சரிந்திருந்தது. ஆயுள் முழுவதும் அந்நிய ஆடவர் முன் தலை திறவாத பெண்மணி அவர்!

நான் நேரிற் சென்று பார்த்தேன். அழவில்லை, ஆத்திரப்படவுமில்லை. ஒரேயொரு வார்த்தை சொன்னார்: "மகன், சோறு தந்ததுக்கு நான் துஆக் கேப்பன். ஆனா என்ட தலைத்துணியைச் சரிபண்ண ஒரு நிமிசம் தந்திருக்கலாமே!"

ஒரு நிமிடம்! அந்த ஒரு நிமிடத்தைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டா, இல்லையா? இதுவே இன்று நான் வாசகர்கள் முன் வைக்கும் வழக்கு.

அந்த இல்லத்தின் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. என் வழக்கு ஒரு கட்டிடத்தின் மேல் அன்று. ஒரு பழக்கத்தின் மேல். அந்தப் பழக்கத்தைக் கண்டும் காணாதது போலிருக்கும் ஆட்சியின் மேல். அதற்குக் கைதட்டும் நம் எல்லோரின் மேலும்.

முதுமை என்ன பொதுச்சொத்தா?

முதியோர் இல்லத்துள் நுழைவோன் தன் வீட்டை விட்டுச் செல்கிறான். தன் கிணற்றடியை, தன் படலையை, தன் அலுமாரித் திறப்பை விட்டுச் செல்கிறான். ஆனால் தன் மானத்தையும் வாசலிலே கழற்றி வைத்துவிட்டா உள்ளே போகிறான்?

பல இல்லங்களில் நடப்பதென்ன? நீண்டதொரு மண்டபம். வரிசை வரிசையாகக் கட்டில்கள். ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே துணித்திரை கூட இல்லை. உடை மாற்றுவது எல்லோர் முன்னிலும். மலசலத்துணி அகற்றுவது எல்லோர் முன்னிலும். குளிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. வைத்தியர் வந்து நோயைச் சொல்வது கூடத்தின் நடுவில். பிள்ளை வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தால், ஊழியர் பக்கத்தில் நிற்கப் பேச வேண்டும். மனக்குறையைச் சொல்ல நினைத்தாலும், யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவரே பக்கத்தில் நின்றால் வாய் எப்படித் திறக்கும்?

இவற்றையெல்லாம் "சின்ன விடயம்" என்பர். சின்ன விடயமா? நம் வீட்டிலே நம் தகப்பனார் உடை மாற்றும்போது அறைக்குள் நுழைகிறோமா? வாசலில் நின்று செருமுகிறோம். பதில் வந்தபின் உள்ளே போகிறோம். அந்தச் செருமலில் இருக்கிறது நமது நாகரிகம் முழுவதும். வள்ளுவர் பொருட்பாலில் மானத்துக்கென்று 97 ஆம் அதிகாரத்தை ஒதுக்கி வைத்தார். அதைப் பள்ளியிலே மனப்பாடம் செய்த சமூகம், ஆதரவற்ற முதியவரின் கட்டிலருகே போகும்போது மட்டும் அதை மறந்துவிடலாமோ?

ஊழியர்களை வைது இதை முடித்துவிட நான் விரும்பவில்லை. சொற்ப சம்பளத்துக்கு இரவும் பகலும் பாடுபடும் ஏழைப் பெண்களே அவர்களிற் பெரும்பாலோர். பலருடைய வேலையை ஒருத்தி செய்கிறாள். அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, விதி வகுக்க வேண்டியவர் தப்பிக்கொள்ள நான் இடம் கொடேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்நாட்டுச் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென்றே ஆக்கப்பட்டது. 60 வயதை அடைந்தவர் முதியவர். பெற்றோரை வேண்டுமென்றே கைவிடுதல் ஆகாது; பராமரிப்பது பிள்ளைகளின் கடமை. பிள்ளையில்லாத, அல்லது பிள்ளைகளாற் கைவிடப்பட்ட வறிய முதியவருக்கு உறையுள் கொடுப்பது அரசின் கடமை. ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் பதிவு செய்யப்பட வேண்டும். பராமரிப்புச் செலவு கோரும் பெற்றோரின் முறைப்பாட்டை விசாரிக்க ஒரு சபையும் உண்டு.

நல்ல சட்டம். மறுக்கவில்லை. ஆனால் அது கண்ணுக்கு முன் வைத்த முதியவர் யார்? பசித்த முதியவர், வீடற்ற முதியவர். சோறும் கூரையும் கிடைத்தபின் அவருக்கு வேறு என்ன வேண்டும் என்பதை அது விரித்துரைக்கவில்லை. இல்லத்தில் வாழ்வோரின் உரிமைகள் இவை இவை என்று வரிசைப்படுத்தும் ஓர் அட்டவணை அச்சட்டத்தில் இல்லை.

அரசியலமைப்பைப் பார்ப்போமா? 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை இழிவான நடத்தைக்கு எவரையும் உட்படுத்தலாகாது என்கிறது. மகிழ்ச்சி. ஆனால் அந்தரங்கத்துக்கான உரிமை என்றொன்று அடிப்படை உரிமைகளின் வரிசையில் எழுதப்படவில்லை. 2015 இல் 19 ஆம் திருத்தம் தகவலறியும் உரிமையைக் கொண்டுவந்தபோது, அந்த உரிமைக்கு ஒரு வேலியாக மட்டும் அந்தரங்கம் என்ற சொல் வந்து சேர்ந்தது. வேலிக்கு இடமுண்டு, வீட்டுக்கு இடமில்லை!

12 ஆம் உறுப்புரையைப் பாருங்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வலுவிழந்தோருக்கும் விசேட ஏற்பாடு செய்யலாம் என்று பெயர்சொல்லிக் கூறுகிறது. முதியோரைப் பெயர்சொல்ல மறந்துவிட்டது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் நூற்றுக்கு 12.4 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். எட்டுப் பேரில் ஒருவரை மறந்த உறுப்புரை அது!

சரி, வழக்குத் தொடரலாமே என்பீர்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் இட வேண்டும். 126 ஆம் உறுப்புரை கொடுக்கும் தவணை ஒரு மாதம். கட்டிலோடு கிடக்கும் எண்பது வயதுக் கிழவி ஒரு மாதத்துக்குள் சட்டத்தரணியைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டுமாம்! அதுவும் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராக மட்டுமே இந்த வழி. அரச இல்லத்தில் அவமானம் நேர்ந்தால் மனு உண்டு. தனியார் இல்லத்தில் அதே அவமானம் நேர்ந்தால் அந்த வாசல் மூடிக்கிடக்கிறது. கட்டிடத்தின் சொந்தக்காரர் யார் என்பதைப் பொறுத்தா ஒரு மனிதனின் மானம் கூடுவதும் குறைவதும்?

இன்னொரு வழி உண்டு. நமது பொதுச் சட்டமாகிய ரோமன் டச்சுச் சட்டத்தில் 'அக்டியோ இன்ஜூரியாரம்' என்றொரு வழக்குரிமை இருக்கிறது. உடல், நற்பெயர், கண்ணியம் ஆகிய மூன்றுக்கும் நேரும் அவமதிப்புக்கு நட்டஈடு கோரும் உரிமை அது. நூற்றாண்டுகள் பல கண்ட உரிமை. ஆயினும், அவமதிக்கும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும்; "நான் தருமம் செய்யவே வந்தேன்" என்று எதிராளி சொல்வான். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். வழக்காளி அதுவரை உயிரோடிருக்க வேண்டும்.

நோயாளியின் விவரம் போன்ற தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 இல் நடைமுறைக்கு வரவிருந்தன. அந்தத் தேதியும் தள்ளிவைக்கப்பட்டது.

ஆக, உரிமை எங்குமே இல்லை என்று நான் சொல்லவில்லை. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அத்துண்டுகளைப் பொறுக்கித் தைத்து உடுத்திக்கொள்ளும் வலு முதியவரிடம் இல்லை. தைத்துக் கொடுக்க வேண்டியது அரசாங்கம்.

பிறர் கண்ட பாடம்

இது நமக்கு மட்டும் வந்த நோய் அன்று. பீட்டர் டவுன்சென்ட் என்ற ஆங்கிலேய அறிஞர் 1950களின் இறுதியில் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக 173 முதியோர் இல்லங்களைச் சுற்றிப் பார்த்து, 1962 இல் ஒரு பெரும் நூல் வெளியிட்டார். பழைய ஏழைவிடுதிகளின் நீண்ட கூடங்களில், தனக்கென்று ஒரு மூலையுமின்றி வாழ்ந்த முதியோரின் நிலையை அது உலகுக்குக் காட்டியது.

அமெரிக்காவிலே 1987 இல் ஒரு சட்டம் வந்தது. அரசின் பணம் பெறும் பராமரிப்பு இல்லங்கள் வாழ்வோரின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டுமென்றும், சிகிச்சையிலும் கடிதத்திலும் தொலைபேசியிலும் சந்திப்பிலும் அது பேணப்பட வேண்டுமென்றும் விதித்தது. அத்தனை விதிகள் இருந்த நாட்டிலும் என்ன நடந்தது? 2015 டிசம்பரில் 'புரோபப்ளிக்கா' என்ற செய்தி நிறுவனம், 2012 முதல் இல்ல ஊழியர்கள் முதியோரின் படங்களைக் களவாக எடுத்துச் சமூக ஊடகங்களில் பரப்பிய 35 சம்பவங்களை வெளிக்கொணர்ந்தது. 2016 ஆகஸ்டில் அந்நாட்டு மத்திய நிறுவனம், படமெடுத்து இழிவு செய்வதைத் தடுக்கும் கொள்கை ஒவ்வொரு இல்லத்திலும் இருக்கிறதா என்று பரிசோதிக்கப் பணித்தது. விதி இருந்த இடத்திலேயே இது நடந்ததென்றால், விதியே இல்லாத இடத்தில் என்னதான் நடவாது?

தமிழகத்தைப் பாருங்கள். 2018 பெப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டத்துப் பாலேஸ்வரத்தில் இயங்கிய ஓர் இல்லத்தின் வாகனத்திலே, இறந்தவரின் உடலும் காய்கறிகளும் உயிருள்ள முதியவரும் ஒன்றாக ஏற்றிச் செல்லப்பட்டதாகச் செய்தி வெளிவந்து நாட்டை உலுக்கியது. அதிகாரிகள் அதன் பின்னரே விரைந்தனர்.

அதே இந்தியாவில், 2017 ஆகஸ்ட் 24 இல், ஒன்பது நீதியரசர்கள் ஒருமுகமாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். அந்த வழக்கை 2012 இல் தொடுத்தவர் யார்? கே. எஸ். புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற நீதியரசர். எண்பது வயதைக் கடந்த முதியவர். இளைஞர்களின் கைத்தொலைபேசிக்கும் சேர்த்து உரிமை வாங்கிக் கொடுத்தவர் ஒரு கிழவர் என்பதை நம் இளைஞர்கள் மறவாதிருப்பாராக.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991 டிசம்பரில் முதியோருக்கான 18 கோட்பாடுகளை ஏற்றது. எந்த இல்லத்தில் வாழ்ந்தாலும் முதியவரின் கண்ணியமும் நம்பிக்கையும் அந்தரங்கமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒரு வரி நம் இல்லங்களின் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததா?

மூன்று சாக்குகள்

எதிர்த்தரப்பு வாதங்களையும் கேட்போம். ஒருதலைத் தீர்ப்பு நமக்கு வேண்டாம்.

முதலாவது: "படம் போடாவிட்டால் புலம்பெயர்ந்தோர் பணம் அனுப்பமாட்டார்கள். கணக்குக் காட்ட வேண்டாமா?" காட்டுங்கள்! அரிசி மூட்டையைப் படமெடுங்கள். புதிதாகப் போட்ட கூரையைப் படமெடுங்கள். கடைப் பற்றுச்சீட்டை வெளியிடுங்கள். கணக்கு என்பது காசுக்கு, முகத்துக்கு அன்று. 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்திலே, வெளிநாட்டுப் பணத்தை வறிய வீடுகளுக்குக் கொண்டுசென்று படம்பிடித்து வெளியிட்டு வந்த ஒருவர், ஒரு வீட்டிலே நடந்துகொண்ட விதம் பற்றி எழுந்த பெருங் கண்டனத்தின் பின் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அன்று கொதித்தெழுந்தது தமிழ்ச் சமூகம். ஒரு குடும்பத்துக்காகக் கொதித்த நெஞ்சு, எழுந்து போகவும் இயலாத முதியவருக்காகக் கொதிக்கலாகாதா? வீட்டிலிருப்பவர் "வெளியே போ" என்று சொல்லலாம். இல்லத்திலிருப்பவர் அதே கையாலல்லவா நாளைய சோற்றை வாங்க வேண்டும்? சோற்றுக்குப் பயந்து தலையசைப்பது சம்மதம் ஆகாது. ஒப்பந்தச் சட்டத்தின் முதற் பாடமே அதுதான்.

இரண்டாவது: "மறதிநோய் வந்தவருக்கு ஏது வெட்கம்? அவருக்கு ஒன்றும் தெரியாதே!" இதைப்போற் கொடிய வாதம் வேறில்லை. பராயமடையாத பிள்ளைக்குத் தன் சொத்தின் பெறுமதி தெரியாது. அதனால் அச்சொத்தைச் சூறையாடலாம் என்றா சட்டம் சொல்கிறது? அவனால் காக்க இயலாதாகையால், பிறர் இருமடங்கு கவனமாகக் காக்க வேண்டும் என்றல்லவா சொல்கிறது! காணிக்கு ஒரு நீதி, மானத்துக்கு ஒரு நீதியா? தன் மானத்தைத் தானே காக்க இயலாதவரின் மானம், காப்பவரிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப்பொருள்.

மூன்றாவது: "நாங்கள் ஏழை இல்லம், இதற்கெல்லாம் காசு எங்கே?" அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுவதற்கு எவ்வளவு காசு? குளிப்பாட்டும்போது ஒரு துவாயாற் போர்த்துவதற்கு எவ்வளவு? உண்மையிலேயே காசு தேவைப்படுவது திரைக்கும் தாழ்ப்பாளுக்கும் தான். பழைய சேலை ஒன்றும் கயிறும் இருந்தால் ஒரு கட்டிலுக்குத் திரை ஆயிற்று. பிறந்தநாட் சோறு கொடுக்க வரும் கனவான்கள் ஒருமுறை திரைச்சீலை கொடுக்கட்டுமே!

பாதுகாப்புக்காகக் கமரா வைக்கிறோம் என்பாரும் உளர். வாசலிலும் நடைபாதையிலும் வையுங்கள். குளிப்பறையிலும் படுக்கையின் மேலும் கமரா வைப்பது காவல் அன்று.

நாம் கேட்பது என்ன?

முதியோர் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் ஆக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இவற்றை விதியாக்கி, பதிவுக்கு நிபந்தனையாக்குக:

ஒன்று: ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை, குளிப்பறைக்கும் கழிப்பறைக்கும் தாழ்ப்பாள். ஆபத்தில் வெளியிலிருந்து திறக்கக்கூடிய தாழ்ப்பாளாக அது இருக்கட்டும்.

இரண்டு: பெண் விரும்பினால், குளிப்பாட்டவும் உடை மாற்றவும் பெண் ஊழியரே.

மூன்று: முதியவரின் சொந்தச் சம்மதமின்றிப் படமெடுத்தல் ஆகாது. வெளிநாட்டிலுள்ள மகனின் சம்மதம் தாயின் சம்மதம் ஆகாது. சம்மதம் கூற இயலாதவரின் முகத்தை எவரும் வெளியிடலாகாது. நன்கொடைக்குப் படம் ஒரு நிபந்தனையாக இருத்தலாகாது.

நான்கு: ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி, திறப்பு அவர் கையில். கடிதமும் தொலைபேசியும் தனிமையில்.

ஐந்து: நோயின் விவரம் வைத்தியருக்கும் முதியவருக்கும் அவர் விரும்பியவருக்கும் மட்டும்.

ஆறு: ஒவ்வொரு படிவமும் அவர் வாசிக்கும் மொழியில். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழியென்று அரசியலமைப்பே கூறுகிறது. தெரியாத மொழியிற் கைநாட்டு வாங்கிவிட்டு அதைச் சம்மதம் என்பது மோசடி.

ஏழு: முறைப்பாட்டை இல்லத் தலைவரிடமன்றி, பிரதேச செயலகத்து முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் நேரே சொல்லும் வழி. அவர் மாதமொருமுறை முன்னறிவித்தலின்றி வந்து, ஊழியர் இல்லாத இடத்தில் முதியோருடன் பேச வேண்டும்.

இவற்றில் எது ஆகாயத்தை எட்டும் கோரிக்கை? எதற்குக் கோடி ரூபாய் வேண்டும்?

ஆட்சியாளரிடம் ஒன்று சொல்லி வைக்கிறேன். குறிஞ்சாக்கேணி மக்களுக்கு உங்கள் வழக்கம் தெரியும். பாலவேலை முடியாதிருக்க, மாற்றுவழியாக ஓடிய படகுப்பாதை 2021 நவம்பர் 23 இல் கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை நாங்கள் தண்ணீரிலிருந்து தூக்கினோம். அதன் பின்னரே அனுமதி யார் கொடுத்தது, பாதுகாப்பு அங்கி எங்கே என்ற கேள்விகள் எழுந்தன. 2020 இல் கொரோனாவைக் காட்டி, இறந்தோரின் விருப்பத்தையும் மார்க்கத்தையும் மதியாது உடல்களை எரித்தீர்கள். 2021 பெப்ரவரியில் நிறுத்தினீர்கள். மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்தது 2024 யூலையில். உயிர் போனபின் விதி; மானம் போனபின் மன்னிப்பு! முதியோர் விடயத்திலாவது அந்த முறையை மாற்றுங்கள். எண்பது வயதுக்காரருக்கு நான்கு ஆண்டு பொறுத்து வரும் மன்னிப்பு கல்லறைக்குத் தான் போய்ச் சேரும்.

மக்களிடமும் ஒரு சொல். விதி வரும் நாளில் வரட்டும். இன்றே நம் கையில் உள்ள காரியம் ஒன்றுண்டு. முதியவரின் அவல முகத்தைக் காட்டிக் காசு கேட்கும் படம் உங்கள் கைக்கு வந்தால், அதை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். பார்ப்பார் இல்லையேல் பிடிப்பாரும் இல்லை. தருமம் செய்யச் செல்வோர் கைத்தொலைபேசியை வாசலில் வைத்துவிட்டுச் செல்லுங்கள். இரண்டு கையும் ஓய்ந்திருந்தால், ஒரு கையால் சோறு கொடுக்கலாம். மற்றக் கையால் விலகிய துணியைச் சரிசெய்து விடலாம்.

அந்த மூதாட்டி கேட்டது ஒரு நிமிடம். நாளை அதே கட்டிலிற் கிடக்கப் போவது நானும் நீங்களுமே. அந்த நிமிடத்தை அவருக்கு இன்றே கொடுப்போம்!